அதிகாரம்: ஒரு சொல், இரண்டு வேலை

கோட்டையூரில் ஆச்சி வீட்டு முகப்பில் உட்கார்ந்திருந்தேன். செட்டிநாட்டு நகரத்தாரான எங்களில் அக்காவைத்தான் ஆச்சி என்போம். ஆச்சி மகள் கல்லூரி வாசகர் வட்டத்துக்காகப் புத்தகப் பட்டியல் ஒன்று எழுதிக்கொண்டிருந்தாள். தலைப்பை ஆங்கிலத்தில் கொடுத்துவிட்டார்கள். அவள் அதைத் தமிழில் 'பவர், பேராசை, அத்தாரிட்டியை எதிர்ப்பது பற்றிய புத்தகங்கள்' என்று எழுதி, அடித்து, மறுபடியும் அதையே எழுதியிருந்தாள்.

"அம்மான், பவருக்குத் தமிழ்ல என்ன போடலாம்?"

"அதிகாரம்னு போடு."

"அது புத்தகத்துல வர்றதுல்ல? பத்துக் குறள் சேர்ந்தா ஒரு அதிகாரம்."

அடுப்படியிலிருந்து ஆச்சி குரல் கொடுத்தது: "அதிகாரமெல்லாம் இங்கே கிடையாது. நம்ம வீட்டுல அளவான காரந்தான்." செட்டிநாடு என்றாலே காரம் என்று நினைப்பவர்கள் மேல் ஆச்சிக்குப் பழைய கோபம்.

ஆனால் அந்தப் பெண் கேட்டது சரியான கேள்வி. அலுவலகத்தில் செலுத்துவதும் அதிகாரம், புத்தகத்தைப் பிரிப்பதும் அதிகாரம். ஒரே சொல்லுக்கு ஏன் இந்த இரண்டு வேலை?

சொல் வடமொழியிலிருந்து வந்தது. 'அதி' என்பது மேலே, 'காரம்' என்பது செய்தல். மேலே வைத்தல், தலைமையில் நிறுத்துதல் என்று கொள்ளலாம். நம்மிடம் வந்து வெகு காலமாகிவிட்டது. தொல்காப்பிய மரபியலில் உத்திகளை அடுக்கும் இடத்தில் 'நுதலியது அறிதல் அதிகார முறையே' என்று இந்தச் சொல்லே நிற்கிறது. எழுத்ததிகாரம், சொல்லதிகாரம், பொருளதிகாரம் என்று அந்த நூலின் மூன்று பெரும் பிரிவுகளும் இதைத்தான் பெயரில் தாங்குகின்றன. வடமொழி இலக்கணத்திலும் 'அதிகார சூத்திரம்' உண்டு. தலைப்பாக ஒரு சூத்திரம் நிற்கும். அதன் சொல் அடுத்து வரும் சூத்திரங்களுக்குள் எல்லாம் சொல்லாமலே சென்று பொருள் தரும்.

நம் இலக்கண உரைகாரர்கள் இதற்குச் சொன்ன உவமையைப் பாருங்கள். அரசன் இருந்த இடத்தில் இருந்துகொண்டே தன் நிலம் முழுவதும் தன் ஆணை நடக்கும்படி செய்கிறான் அல்லவா, அதுபோல ஒரு சொல் நின்ற இடத்தில் நின்றே பல சூத்திரங்களையும் தன் பொருளைச் சுற்றி வரச் செய்வது ஒரு வகை அதிகாரம். படைத்தலைவன் ஊர் ஊராகச் சென்று ஆணையை நடத்துவதுபோல, ஓரிடத்துச் சொல் மற்ற சூத்திரங்களுக்குள் போய்ப் பொருந்துவது இன்னொரு வகை. இலக்கணம் சொல்ல வந்தவர்கள் அரசியல் பேசிவிட்டுப் போயிருக்கிறார்கள். 'வெஃகாமை' என்று தலையில் எழுதிவிட்டால் கீழே வரும் பத்துக் குறளும் அந்தச் சொல்லின் குடிமக்கள். இரண்டு அதிகாரமும் ஒன்றுதான்: ஓரிடத்தில் இருந்துகொண்டு, தான் போகாத இடத்திலும் செல்லுபடியாவது.

இதைப் புரிந்துகொள்ள செட்டிநாட்டுக்காரனுக்கு உரை கூடத் தேவையில்லை. முதலாளி காரைக்குடியிலோ கானாடுகாத்தானிலோ இருப்பார். கடை ரங்கூனில், மௌல்மேனில், பினாங்கில். மூன்று வருஷக் கணக்குக்குப் போன மேலாள், அதாவது முதலாளியின் முகவர், அங்கே பெட்டியடியில் உட்கார்ந்து முதலாளியின் விலாசத்தில் கையெழுத்துப் போடுவார். விலாசம் என்றால் இங்கே முகவரி இல்லை, கடையின் பெயராக நின்ற முதலெழுத்துக்கள். அந்த நான்கைந்து எழுத்து கடல் தாண்டி நிலத்தை அடமானம் பிடித்தது, கடன் கொடுத்தது, வழக்குப் போட்டது. 1929-30இல் பர்மாவில் வங்கித் தொழிலை விசாரித்த குழு, அங்கே ஏறத்தாழ 1,650 செட்டியார் கடைகள் இருந்ததாகவும் 75 கோடி ரூபாய் புழங்கியதாகவும் கணக்கிட்டது. அப்புறம் நெல் விலை விழுந்தது. கடன் திரும்பவில்லை, நிலம் வந்தது. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் சாகுபடி நிலத்தில் 6 சதவீதம் செட்டியார்கள் கையில் இருந்தது, 1938இல் 25 சதவீதம் ஆனது. நிலம் வேண்டியிருக்கவில்லை, பணம்தான் வேண்டும் என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள், அது உண்மையும்கூட. நிலத்தை இழந்த பர்மிய உழவன் அதற்கு வேறு பெயர் வைத்திருப்பான். அதையும் எங்கள் ஆட்கள் எழுதிவைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அந்த வேறு பெயர் பட்டியலின் இரண்டாம் சொல். பேராசை என்பதில் தப்பில்லை, ஆனால் அது அளவைத்தான் சொல்கிறது. ஆசை பெரிது, அவ்வளவுதான். பரீட்சையில் முதலாவதாக வரவேண்டும் என்பதும் பேராசையாக இருக்கலாம். குறளில் இதற்கு இரண்டு தனிச் சொல் இருக்கிறது. எதன்மேலாவது மனம் போவது அவா. அடுத்தவன் பொருள்மேல் போவது வெஃகல். 18ஆம் அதிகாரம் வெஃகாமை, 37ஆவது அவா அறுத்தல். முதலாவது இல்லறத்தானுக்கு, இரண்டாவது துறவிக்கு. குடும்பம் நடத்துகிறவனிடம் ஆசையே கூடாது என்று வள்ளுவர் சொல்லவில்லை, அடுத்தவன் சாவிக்கொத்தைப் பார்க்காதே என்கிறார். ஆள்பவன் கைக்கு இதே குணம் வந்தால் என்ன ஆகும் என்பது 552ஆம் குறளில்:

வேலொடு நின்றான் இடுவென் றதுபோலும்
கோலொடு நின்றான் இரவு.

வேலைப் பிடித்துக்கொண்டு 'போடு' என்பவன் வழிப்பறிக்காரன். செங்கோலைப் பிடித்துக்கொண்டு 'கொஞ்சம் கொடுங்களேன்' என்பவனும் அவனேதான். 'இரவு' என்பது இங்கே ராத்திரி அல்ல, இரத்தல், கெஞ்சிக் கேட்பது. கோல் கையில் இருக்கும்போது கெஞ்சலுக்கும் மிரட்டலுக்கும் வித்தியாசம் இல்லை. அதிகாரமும் வெஃகலும் சேர்ந்தால் என்னவென்று ஏழு சீரில் முடித்துவிட்டார். மாமூல் கேட்பவர்களின் பணிவான சிரிப்பைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் குறள்தான் ஞாபகம் வரும்.

சரி, பட்டியலில் முதலில் வரவேண்டிய புத்தகம் எது? நான் சிலப்பதிகாரம் என்றேன். பெயரிலேயே அதிகாரம் இருக்கிறது. சிலம்பு காரணமாக எழுந்த நூல் என்று பதிகம் பெயர்க் காரணம் சொல்கிறது. எனக்கோ சிலம்பு அதிகாரம் செலுத்துகிற நூல் என்று படும். உரைகாரர் சொன்ன அந்தத் தலைப்புச் சொல்போல, முப்பது காதைகளிலும் அந்தச் சிலம்பு ஏதோ ஒரு மூலையில் கிடக்கிறது.

நகரத்தாருக்கு இந்தக் கதை பக்கத்து வீட்டுக் கதை. காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து பாண்டி நாட்டுக்கு வந்தவர்கள் நாம் என்பது எங்கள் மரபுச் செய்தி. கண்ணகியின் அப்பன் மாநாய்கன், கோவலனின் அப்பன் மாசாத்துவான், இருவரும் பூம்புகார் வணிகர்கள். வணிகர் வீட்டுப் பெண் ஒருத்தி பாண்டியனிடம் கணக்குக் கேட்கப் போன கதை.

அதில் அதிகாரம் எப்படி வேலை செய்கிறது என்று மட்டும் கிட்டே போய்ப் பாருங்கள். ஊடலில் இருக்கும் தேவியைத் தேடி அவசரமாகப் போகிறான் நெடுஞ்செழியன். வழியில் பொற்கொல்லன் வந்து கள்வனைக் கண்டுவிட்டேன் என்கிறான். அரசன் நிற்கவில்லை, விசாரிக்கவில்லை. கள்வன் கையில் சிலம்பு இருந்தால் 'கொன்று அச்சிலம்பு கொணர்க ஈங்கு' என்று சொல்லிவிட்டு நடக்கிறான். 'கொல்ல' என்று சொல்ல வந்தது 'கொன்று' என்று வாய்தவறிவிட்டதாக உரை மரபில் சொல்வதுண்டு. அப்படியே இருக்கட்டும். இரண்டெழுத்து மாறினாலும் ஆணை ஆணைதானே, அது போகிறது. சிலம்பைத் திருடியவனே அந்த ஆணைக்கு வழிகாட்டுகிறான். போன காவலர்களில் சிலர் கோவலன் முகம் கள்வன் முகமாக இல்லையே என்று தயங்கவும் செய்கிறார்கள். கடைசியில் வாளை வீசியவன் 'கல்லாக் களிமகன் ஒருவன்', படிக்காத குடிகாரன். அவனுக்குப் பெயர்கூட இல்லை. அரசன் இருந்த இடத்திலேயே இருந்தான், அவன் சொல் போய்க் கொன்றது.

கண்ணகி வாயிற்காவலனிடம் அரசனை என்ன சொல்லித் திட்டுகிறாள் தெரியுமா? 'இறைமுறை பிழைத்தோன்.' கொடியவன், கொலைகாரன் என்றெல்லாம் இல்லை. முறை தவறியவன். அதிகாரம் என்ற சொல்லுக்குத் தொல்காப்பிய உரையாசிரியர்கள் கொடுத்த பொருளும் இதுவேதான்: அதிகாரம் என்றால் முறைமை. எனக்கு இந்த இடம் தட்டியபோது கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். அதிகாரத்துக்கு நேர்த் தமிழ் எது என்று தேடுகிறவர்கள் ஆணை, ஆட்சி, வல்லமை என்று ஓடுகிறார்கள். வலிமையைச் சொல்ல அவை போதும். ஆனால் நியாயமான அதிகாரத்துக்கும் வெறும் பலத்துக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்ல முறையைப் போல இன்னொரு சொல் கிடையாது. நாம் தினமும் புழங்கும் சொல்தான். உறவும் முறை ('உனக்கு அவர் என்ன முறை வேணும்?'), தவணையும் முறை ('இந்த வருஷம் சாமிக்குப் படைப்பு யார் முறை?'), நீதி வழங்குவதும் முறை செய்தல். ஒருவருக்கு ஒன்று எந்த வரிசையில், எந்த அளவுக்குச் சேரவேண்டும் என்பதே மூன்றிலும் உள்ள பொருள்.

நூற்பிரிவு என்ற பொருளுக்கு நம்மிடம் பஞ்சமே இல்லை. இயல், ஓத்து, படலம், காதை, இலம்பகம் என்று எத்தனையோ. இன்றைய உரைநடைப் புத்தகத்துக்கு இயல் போதும்.

பட்டியலின் மூன்றாம் சொல்லில்தான் பெண் சிக்கிக்கொண்டாள். எதிர்ப்பது என்றால் சண்டை போடுவது போல இருக்கிறது என்றாள். அரசனுக்கு வேண்டியவர்கள் கடிந்து சொன்னால் அது இடித்துரைத்தல். இடித்துச் சொல்ல ஆள் இல்லாத மன்னன் கெடுப்பவர் இல்லாவிட்டாலும் கெடுவான் என்பது 448ஆம் குறள். ஆனால் கண்ணகி அரசனுக்கு வேண்டியவள் இல்லை. அவள் செய்ததற்குக் காதையின் பெயரே விடை: வழக்குரை காதை. 'தேரா மன்னா' என்று ஆரம்பிக்கிறாள். ஆராயாதவனே என்று பொருள். சான்று காட்டுகிறாள். தேவியின் சிலம்பில் முத்து, இவள் சிலம்பில் மாணிக்கம். உடைத்ததும் தெறித்தது மாணிக்கம். 'யானோ அரசன், யானே கள்வன்' என்று சொல்லிவிட்டு விழுந்தான் அவன். மதுரை எரிந்ததெல்லாம் அதற்கு அப்புறம்.

எங்கள் பக்கத்தில் வழக்குரைக்கும் பொறுமை எல்லாக் காலத்திலும் இருந்ததில்லை. 1942 ஆகஸ்டில் திருவாடானைச் சிறையில் அடைத்திருந்த சுதந்திரப் போராட்டக்காரர் சின்ன அண்ணாமலையை ஜனங்கள் திரண்டுபோய்ச் சிறையை உடைத்து வெளியே கொண்டுவந்தார்கள். அவர் பிற்பாடு சென்னையில் தமிழ்ப் பண்ணை என்று பதிப்பகம் வைத்துப் புத்தகம் போட்டார். 'பட்டியலில் இவரையும் சேர்' என்றேன். அது புத்தகமில்லையே என்றாள். புத்தகம் போட்டவர்தானே என்று வாதாடிப் பார்த்தேன், எடுபடவில்லை.

இவ்வளவு பேச்சையும் கேட்டுக்கொண்டு ஆச்சியின் மாமியார் தூண் ஓரமாக உட்கார்ந்திருந்தார். பெண்ணுக்கு அப்பத்தா. போன மாதம்தான் இந்த வீட்டின் பாகத்துக்காக ஒரு பவர் பத்திரம் எழுதினோம். வெளியூரில் இருக்கும் பங்காளிகள், பதினொரு புள்ளி (குடும்பம்), எல்லாரும் ஒரு நாளில் வர முடியாது. ஊரில் இருக்கும் ஒருவருக்குப் பவர் கொடுத்துவிடலாம் என்று முடிவு. பத்திரத்தில் அதை 'பொது அதிகார ஆவணம்' என்று எழுதுகிறார்கள். அன்றைக்கு அப்பத்தா மையில் விரலை வைக்காமல் கேட்டார்:

"அதிகாரத்தைக் குடுத்துட்டா அப்புறம் எனக்கு என்ன மிச்சம்?"

எழுத வந்தவர், அப்படியெல்லாம் இல்லை ஆச்சி, எழுதியிருக்கிற காரியத்துக்கு மட்டும்தான் என்றார். அப்படியா, அப்போ வாசி என்றார் அப்பத்தா. அவர் வேகமாக வாசித்தார். அப்பத்தா நிறுத்தச் சொல்லி, எந்தக் கட்டு, எத்தனை அறை, நிலைக்கதவு இதில் வருமா வராதா, இரண்டாம் கட்டுப் பெட்டகம் யாருக்கு என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, 'நிலைக்கதவு நீங்கலாக' என்று ஒரு வரி சேர்த்த பிறகுதான் விரலை வைத்தார்.

பெண் கடைசியில் தலைப்பை 'முறை, வெஃகல், வழக்கு' என்று எழுதினாள். வட்டத்தில் யாருக்கும் புரியாது என்று நான் சொன்னதற்கு, புரியாட்டி கேக்கட்டும் அம்மான் என்றாள். அப்பத்தா அந்தத் தாளை வாங்கி எட்டத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இதுல நம்ம பத்திரம் வருமா?" என்றார்.