மூன்றாவது மாதத்துக்குப் பணம் வையுங்கள்

நான் லண்டனில் ஹெல்த் விசிட்டர். குழந்தை பிறந்து 10 முதல் 14 நாளுக்குள் வீட்டுக்குப் போய்த் தாயையும் பிள்ளையையும் பார்ப்பது என் வேலை. கிழக்கு லண்டனில் நம்மூர்த் தம்பதி ஒருவரின் வீடு. முதல் தடவை போனபோது நடையில் ஒரு புதுத் தள்ளுவண்டி, பாட்டில் சூடாக்கும் கருவி, ஸ்டெரிலைசர், முதல் சைஸ் நாப்கின் ஆறு பெட்டி. எல்லாம் பார்த்துப் பார்த்து வாங்கியவை.

மூன்றாவது மாதம் எடை பார்க்க வந்தார்கள். பிள்ளையின் எடையைக் குறித்து வைக்கும் சிவப்புப் புத்தகத்தில் மேலே ஏற வேண்டிய கோடு ஏறவே இல்லை. அன்றே டாக்டரிடம் அனுப்பினேன். மறுநாள் வீட்டுக்குப் போய், "என் முன்னாடி ஒரு பாட்டில் கலக்கும்மா" என்றேன். 90 மில்லி தண்ணீர். அதற்கு மூன்று கரண்டி பால் மாவு போட வேண்டும். இரண்டே போட்டு மூடியைத் திருகினார். நான் பார்ப்பதைக் கவனித்துவிட்டுத் தலை குனிந்தபடி சொன்னார்: "டப்பா ஒரு வாரம்கூட வர மாட்டேங்குதுக்கா."

அந்த அம்மாவை நான் திட்டவில்லை. திட்டுவார்களோ என்ற பயத்தில்தான் பலரும் இதை எங்களிடம் மறைக்கிறார்கள். ஆனால் இதைவிட ஆபத்தான சிக்கனம் இல்லை. பால் நீர்த்தால் பிள்ளைக்குச் சத்து போதாது. தண்ணீர் மிகுந்து ரத்தத்தில் உப்பு குறைந்தால் வலிப்பே வரலாம். தெம்பு வரட்டும் என்று கரண்டியைக் குவித்துப் போடுவதும் தப்பு, மலச்சிக்கலும் நீரிழப்பும் வரும். டப்பாவோடு வரும் கரண்டியில் எடுத்து, கத்தியின் முதுகால் வழித்துவிட்டுப் போடுங்கள்.

பணம் எங்கே போயிற்று என்று உட்கார்ந்து கணக்குப் பார்த்தோம். இங்கே சட்டப்படியான மகப்பேறு ஊதியம் 39 வாரம். முதல் 6 வாரம் சம்பளத்தில் 90 சதவீதம் வரும். அதற்குப் பிறகு, 2025 ஏப்ரல் கணக்குப்படி, அதிகபட்சம் வாரம் 187.18 பவுண்டு, வரிக்கு முன்னால். நாலு வாரத்துக்கு 749 பவுண்டுகூட ஆகாது. வாடகையும் ஹீட்டிங் செலவும் அப்படியேதான் நிற்கும். குழந்தை வரும் முன்னே கை நிறையச் செலவழித்தவர்களுக்கு இடி விழுவது சரியாக இங்கேதான்.

பால் மாவு டப்பாவில் நன்றாகவே மிச்சம் பிடிக்கலாம். பிறந்த குழந்தைக்கான முதல்நிலைப் பால் எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும், அதில் இருக்க வேண்டிய சத்து இன்னதென்று சட்டமே வகுத்திருக்கிறது. சூப்பர்மார்க்கெட் தன் பெயரில் விற்பதும் அந்த வரம்புக்குள்தான். விலையில் ஏறத்தாழ இரு மடங்கு வித்தியாசம் வரும். இங்குள்ள போட்டிச் சந்தை ஆணையம் 2025இல் வெளியிட்ட அறிக்கை, மலிவான பிராண்டுக்கு மாறினால் ஆண்டுக்கு 300 பவுண்டு வரை மிஞ்சும் என்கிறது. ஆறு மாதத்துக்குப் பிறகு என்று விற்கும் 2ஆம் எண் டப்பா தேவையே இல்லை. ஒரு வயது வரை முதல்நிலைப் பாலே போதும், அதன்பின் பசும்பால். தாய்ப்பால் கொடுக்க முடிந்தவர்கள், வலி, பால் போதவில்லை என்று நிறுத்துமுன் எங்களைக் கூப்பிடுங்கள். அந்த உதவிக்குக் கட்டணம் கிடையாது.

துணியும் தள்ளுவண்டியும் தெரிந்தவர்களிடம் வாங்கிக்கொள்ளலாம். கார் சீட்டையும் தொட்டில் மெத்தையையும் மட்டும் புதிதாக வாங்குங்கள். விபத்தில் அடிபட்ட சீட்டை வெளியிலிருந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. நாப்கின் முதலில் ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு ஆகும், ஆனாலும் முதல் சைஸைக் குவிக்காதீர்கள். நான் பார்த்த அந்த ஆறு பெட்டியில் மூன்று பிரிக்கப்படாமலே சின்னதாகிவிட்டன.

விசாவில் இருப்பவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். 'பொது நிதி கிடையாது', அதாவது அரசு உதவித்தொகை வாங்கக் கூடாது என்ற நிபந்தனை இருந்தால், பிள்ளைகளுக்காக அரசு தரும் சைல்ட் பெனிஃபிட்டுக்கு விண்ணப்பிக்காதீர்கள், வாரம் 26.05 பவுண்டுக்காக (2025 ஏப்ரல் கணக்கு) விசாவே சிக்கலாகும். ஆனால் மகப்பேறு ஊதியமும், அது கிடைக்காதவர்களுக்கான மெட்டர்னிட்டி அலவன்ஸும் பொது நிதிப் பட்டியலில் இல்லை. தகுதி இருந்தால் தைரியமாகக் கேளுங்கள். பயந்துகொண்டு கேட்காமல் விட்டவர்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன். நிரந்தரமாகத் தங்கும் உரிமை உள்ளவர்கள் சைல்ட் பெனிஃபிட்டைத் தள்ளிப்போடாதீர்கள், பின்தேதியிட்டு மூன்று மாதம்தான் கிடைக்கும்.

இன்னொரு செலவை யாரும் கணக்கில் எழுதுவதில்லை. அப்பா அம்மா இருவரும் வேலை விசாவில் இருந்தால், இங்கே பிறந்த குழந்தை பிரிட்டிஷ் குடிமகன் ஆகாது. குலதெய்வம் கோயிலில் மொட்டை போட ஊருக்குக் கூட்டிப்போய்த் திரும்ப வேண்டுமானால், அதற்கு விசா வேண்டும். விசாக் கட்டணம் போக, இங்கே மருத்துவ வசதிக்காக விசாவோடு சேர்த்துக் கட்டும் சுகாதாரக் கட்டணம் மட்டும் ஆண்டுக்கு 776 பவுண்டு. மூன்று ஆண்டு விசா என்றால் 2,328.

அந்த வீட்டில் தள்ளுவண்டியை விற்றுவிட்டு மடக்கு வண்டி ஒன்று வாங்கினார்கள். குழந்தைப் பொருள்களை இலவசமாகத் தரும் தொண்டு அமைப்பான பேபி பேங்க் ஒன்றுக்கு நான் எழுதிக் கொடுத்ததில் இரண்டாம் சைஸ் நாப்கின் வந்தது. தொண்டு நிறுவன உதவி விசாவைப் பாதிக்காது. இரண்டு வாரம் கழித்துப் போனபோது அடுப்படியில் சூப்பர்மார்க்கெட் டப்பா இருந்தது. பக்கத்திலேயே ஒரு வெண்ணெய்க் கத்தி. மூன்று கரண்டியையும் வழித்துப் போட்டு, பாட்டிலை ஆட்டிக்கொண்டே, "எடை பாக்கலாமாக்கா?" என்று அவரே கேட்டார்.