கிராம சபையில் கையெழுத்துப் போடும் முன்

1996 சட்டமன்றத் தேர்தலில் ஈரோடு மாவட்டம் மொடக்குறிச்சியில் 1,033 பேர் களத்தில் நின்றார்கள். தங்கள் கோரிக்கையை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்று விவசாயிகள் திரண்டுபோய் வேட்புமனு கொடுத்ததன் விளைவு அது. வாக்குச்சீட்டைப் புத்தகமாகவே அச்சடிக்க வேண்டி வந்தது. அதே ஆண்டு சட்டமன்ற வேட்பாளரின் வைப்புத்தொகை 250 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. அத்தனை வேகம் உள்ள கொங்குச் சீமையில், வீட்டுப் பக்கத்தில் கூடும் கிராம சபையைப் பலர் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை என்பதுதான் எங்கள் ஆதங்கம்.

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாளும் சபை உண்டு. இவற்றில் நான்கு, பனியன் கம்பெனிக்கும் மில்லுக்கும் சட்டப்படி சம்பளத்துடன் விடுமுறை. ஊராட்சி வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லோரும் சபையின் உறுப்பினர்கள். பல்லடம், பெருந்துறைப் பக்கம் வாடகைக்குக் குடிவந்தவர்கள் பலருக்குப் பெயர் இன்னும் பழைய ஊரிலேயே இருக்கும். படிவம் 8 கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள். தலைவர் பதவி காலியாக இருந்தாலும் சபை நிற்காது. 2025 ஜனவரியில் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் வந்த பிறகும் கூட்டம் நடந்தது.

மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். இந்த எண்ணிக்கையைக் காட்டுவதற்காக வீடு வீடாகக் கையெழுத்து வாங்க வந்தால் போடாதீர்கள். இடத்தையும் கவனியுங்கள். கோயில் போன்ற மதம் சார்ந்த வளாகத்தில் நடத்தக் கூடாது, குக்கிராமங்களுக்குச் சுழற்சி முறையில் போக வேண்டும். எப்போதும் ஊர் நடுவிலேயே நடந்தால், அருந்ததியர் குடியிருப்பிலிருந்து வருகிறவர்கள் ஓரமாக நின்றுவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அந்தச் சபையை ஊர்ச் சபை என்று எப்படிச் சொல்வது?

அதிகம் கெட்டுப்போவது தீர்மானம் எழுதும் இடத்தில்தான். ஒருவர் எழுந்து ஆவேசமாகப் பேசுவார், "பாத்துக்கலாங்க" என்று பதில் வரும், எல்லோரும் கலைந்துவிடுவார்கள். தீர்மானப் புத்தகத்தில் ஒரு வரிகூட ஏறியிருக்காது. ஆகவே கோரிக்கையை முன்கூட்டியே எழுதி இரண்டு படி எடுங்கள். ஒன்றை ஊராட்சிச் செயலரிடம் கொடுத்து, மற்றதில் தேதியோடு ஒப்புதல் வாங்குங்கள். "தண்ணீர் வரவில்லை" என்று மட்டும் எழுதினால் பயனில்லை. "3-வது வார்டு கிழக்கு வீதியில், மேல்நிலைத் தொட்டியிலிருந்து கடைசி 12 வீடுகளுக்கு நல்ல தண்ணி ஏறவில்லை, குழாயை மாற்ற மதிப்பீடு தயாரிக்க வேண்டும்" என்று எழுதுங்கள். இட்டேரி (தோட்டங்களுக்கு நடுவே போகும் வேலியோர வண்டிப்பாதை) ஆக்கிரமிப்பு என்றால் புல எண்ணையும் சேர்த்து எழுதுங்கள்.

வருகைப் பதிவேட்டில் இடும் கையெழுத்து வேறு, தீர்மானத்தின் கீழ் இடுவது வேறு. தீர்மானங்களைச் சபையிலேயே வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, வெற்று வரிகளில் கோடு அடிக்கச் சொல்லி, அதன் பிறகே கையெழுத்திடுங்கள். பக்கத்தைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எழுத மறுத்தால், கூட்டத்தைக் கண்காணிக்க வந்திருக்கும் அரசு அலுவலரான பற்றாளரிடம் அங்கேயே எழுத்து மூலம் சொல்லுங்கள். வரவு செலவுக்குப் படிவம் 30-ஐக் கேளுங்கள். மொத்தத் தொகையைப் பார்ப்பதோடு நிற்காமல் தெருவிளக்கு, மோட்டார் பழுது என்று இனம் இனமாகப் பார்க்க வேண்டும்.

சாயக் கழிவு, நெடுஞ்சாலை போன்றவை ஊராட்சியின் கையில் இல்லை. அவற்றில் சபைத் தீர்மானம் பரிந்துரைதான். நகலை இணைத்து, திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளில் மனுவாகக் கொடுங்கள்.

நகல் தர இழுத்தடித்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பித்து, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டுங்கள். தவறான அலுவலகத்துக்குப் போனாலும் பிரிவு 6(3)-ன்படி 5 நாளுக்குள் உரிய இடத்துக்கு அனுப்பியாக வேண்டும். 30 நாளில் பதில் வராவிட்டால், அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை.