திறந்து பார்த்தால் படம் தேயுமா?

வாசகர் ஒருவர் இரண்டு கேள்விகளைச் சேர்த்து அனுப்பியிருக்கிறார். ஃபோனில் எடுக்கும்போது பளிச்சென்று இருக்கிற படம், பலரிடம் சுற்றித் திரும்பி வரும்போது கலங்கிப் போவது ஏன்? கேலரியில் அடிக்கடி திறந்து பார்த்தாலே படம் தேய்ந்துவிடும் என்று சிலர் சொல்வது உண்மையா?

இரண்டாவதற்குச் சட்டென்று பதில் சொல்லிவிடலாம். இல்லை. ஆயிரம் முறை திறந்து பார்த்தாலும் ஒரு புள்ளிகூடக் குறையாது. பென்டிரைவுக்குக் காப்பி செய்தாலும், வேறு ஃபோல்டருக்கு மாற்றினாலும் குறையாது. கோப்பு என்பது வெறும் எண்களின் வரிசை. காப்பி செய்யும்போது அதே எண்கள் அப்படியே போய்ச் சேருகின்றன. இழப்பு நடப்பது படத்தை மறுபடி புதிதாக ஜேபெக் கோப்பாக (படத்தைச் சுருக்கிச் சேமிக்கும் .jpg வடிவம்) எழுதும் அந்த ஒரு நேரத்தில்தான். அங்கே என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம், ஏனென்றால் கணினி உலகில் எனக்கு மிகப் பிடித்த கணக்கு அங்கேதான் இருக்கிறது.

12 மெகாபிக்சல் படம் என்றால் ஏறக்குறைய 4000க்கு 3000 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள், அதாவது மூன்று பைட். பெருக்கினால் 3.6 கோடி பைட், 36 எம்பி. ஆனால் ஃபோனில் அந்தப் படத்தின் அளவைப் பார்த்தால் பெரும்பாலும் மூன்று நான்கு எம்பிதான் இருக்கும். பத்தில் ஒன்பது பங்கு காணாமல் போயும் கண்ணுக்குக் குறை தெரியவில்லை.

முதல் சேமிப்பு நிறத்தில். நம் கண் வெளிச்ச வித்தியாசத்தை நுணுக்கமாகப் பார்க்கும். நிற வித்தியாசத்தில் அவ்வளவு கூர்மை கிடையாது. அதனால் ஜேபெக் வெளிச்சத்தைத் தனியாகவும் நிறத்தைத் தனியாகவும் பிரித்து, வெளிச்சத்தை முழுசாக வைத்துக்கொண்டு, நிறத்தை மட்டும் பெரும்பாலும் நான்கு புள்ளிக்கு ஒன்று என்று குறைத்துவிடுகிறது. இதிலேயே பாதி அளவு மிச்சம்.

அப்புறம் வருவதுதான் அழகு. படத்தை 8க்கு 8 புள்ளிகள் கொண்ட சின்னச் சின்னக் கட்டங்களாக வெட்டுகிறார்கள். ஒரு கட்டத்தில் 64 புள்ளிகள், 64 எண்கள். இந்த 64 எண்களை, முன்கூட்டியே தீர்மானித்த 64 அடிப்படை வடிவங்களின் கலவையாக எழுத முடியும். முதல் வடிவம் கட்டம் முழுக்க ஒரே வெளிச்சம். அடுத்தது இடப்பக்கம் வெளிச்சமாகத் தொடங்கி வலப்பக்கம் போகப்போக மெல்ல இருட்டுவது. அதற்கடுத்தது வெளிச்சம், இருட்டு, மறுபடி வெளிச்சம். இப்படிக் குறுக்கிலும் நெடுக்கிலும் அலைகள் நெருங்கிக்கொண்டே போய், 64ஆவது வடிவம் கிட்டத்தட்ட சதுரங்கப் பலகைபோல் புள்ளிக்குப் புள்ளி மாறும். எல்லாமே பள்ளியில் படித்த கொசைன் அலைகள்தான். எந்த வடிவம் எவ்வளவு கலந்திருக்கிறது என்பதைக் குறித்து வைத்தால் போதும், கட்டத்தைத் திரும்ப வரைந்துவிடலாம். ஒரு பாட்டில் அடிக்குரலையும் கீச்சுக் குரலையும் காது பிரித்துக் கேட்பதுபோல, இங்கே ஒரு கட்டத்தில் இருக்கும் மெதுவான மாற்றங்களையும் படபடவென்ற மாற்றங்களையும் கணக்கு பிரித்துத் தருகிறது.

64 எண்களைக் கொடுத்து 64 எண்களை வாங்கினால் என்ன லாபம்? ஒரு கட்டத்தை எடுத்துப் போட்டுப் பார்ப்போம். மேகமில்லாத வானத்தில் ஒரு துண்டு, 64 புள்ளிகளிலும் வெளிச்சம் 200 என்று வைத்துக்கொள்வோம். ஜேபெக் முதலில் எல்லாவற்றிலும் 128ஐக் கழிக்கும், மிச்சம் 72. கொசைன் கணக்கைப் போட்டால் முதல் வடிவத்தின் அளவு 576 என்று வரும். மற்ற 63 வடிவங்களின் அளவும் பூஜ்யம். 64 முறை 200 என்று எழுத வேண்டியதை, ஒரே ஓர் எண்ணும் 'மிச்சமெல்லாம் பூஜ்யம்' என்ற குறிப்பும் சொல்லிவிட்டன.

உண்மையான வானம் இவ்வளவு சீராக இருக்காதுதான். ஆனாலும் நாம் எடுக்கும் படங்களில் ஒரு புள்ளியும் பக்கத்துப் புள்ளியும் பெரும்பாலும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். சுவர், தோல், தண்ணீர், நிழல் எல்லாமே அப்படித்தான். அதனால் கட்டத்தின் விஷயம் முழுக்க முதல் சில வடிவங்களிலேயே குவிந்துவிடுகிறது. பின்னால் இருக்கும் நெருக்கமான அலைகளுக்குக் கிடைப்பது சில்லறைதான்.

இனிதான் வெட்டு விழுகிறது. 64 அளவுகளையும் ஓர் அட்டவணையில் இருக்கும் 64 எண்களால் வகுத்து, விடையை முழு எண்ணாக்குகிறார்கள். ஜேபெக் தரநிலையின் மாதிரி அட்டவணையில் வெளிச்சத்துக்கான முதல் எண் 16, கடைசி எண் 99. 576ஐ 16ஆல் வகுத்தால் 36, மிச்சமில்லை. படத்தைத் திறக்கும்போது 36ஐ 16ஆல் பெருக்கினால் அதே 576 கிடைக்கும். ஆனால் ஒரு நெருக்கமான அலையின் அளவு 40 என்று இருந்தால்? 99ஆல் வகுத்தால் அரைக்கும் குறைவு, முழு எண்ணாக்கினால் பூஜ்யம். திறக்கும்போது பூஜ்யத்தை எதனால் பெருக்கினாலும் பூஜ்யம்தான். அந்த அலை போனது போனதுதான். நெருக்கமான அலைகளில் ஏற்படும் சின்னப் பிழையைக் கண் கவனிக்காது என்பதால்தான் அங்கே பெரிய எண்ணால் வகுக்கிறார்கள். கடைசியில் நீளமாகக் கிடக்கும் பூஜ்யங்களை, மிச்சமிருக்கும் எண்களோடு சேர்த்து, அடிக்கடி வருவதற்குக் குட்டையான குறியீடு தரும் ஹஃப்மேன் முறையில் சுருக்கி எழுதுவது வெறும் எழுத்துச் சிக்கனம், அதில் இழப்பு இல்லை.

எடிட்டிங் ஆப்பில் 'குவாலிட்டி' என்று ஒரு பட்டை இருக்கும் இல்லையா? அதை நகர்த்தும்போது நீங்கள் மாற்றுவது இந்த அட்டவணையைத்தான். 100 என்று வைத்தாலும் நூறு சதவீதம் மூலப்படம் கிடைத்துவிடாது, முழு எண்ணாக்கும்போது வரும் சின்னப் பிழைகள் அப்போதும் உண்டு. 100க்கும் 90க்கும் கண்ணுக்கு வித்தியாசம் தெரிவது அபூர்வம், கோப்பின் அளவோ வெகுவாக வேறுபடும். 85இலிருந்து 90க்குள் வைத்தால் பெரும்பாலான படங்களுக்குப் போதும்.

இந்தக் கொசைன் கணக்கைப் பற்றி எழுதும்போது நசீர் அகமதுவைச் சொல்லாமல் விட மனம் வராது. பெங்களூரில் பிறந்து அமெரிக்காவில் பேராசிரியராக இருந்தவர். 1972இல் இந்த யோசனையை ஆராய அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் நிதி கேட்டார். யோசனை ரொம்ப எளிமையாக இருக்கிறது என்று மறுத்துவிட்டார்கள். அவர் விடவில்லை. கோடை மாதங்களில் ஊதியமில்லாமல் உட்கார்ந்து வேலை செய்தார். தன் மாணவர் டி. நடராஜன், நண்பர் கே. ஆர். ராவ் ஆகியோரோடு சேர்ந்து 1974 ஜனவரியில் கட்டுரையை வெளியிட்டார். 1992இல் வந்த ஜேபெக் தரநிலை அந்தக் கணக்கின் மேல்தான் நிற்கிறது. நாம் பார்க்கும் வீடியோக்களிலும் கேட்கும் எம்பி3 பாட்டுகளிலும் இருப்பது அதன் உறவுமுறைக் கணக்குகளே. எளிமையாக இருக்கிறது என்பதை ஒரு குறையாக எண்ணும் நிதிக் குழுக்கள் எங்கும் உண்டு. என்னைக் கேட்டால், எளிமையான யோசனைக்கென்றே தனியாகக் கொஞ்சம் பணம் ஒதுக்கி வைக்க வேண்டும். தோற்றாலும் நஷ்டம் சின்னது, ஜெயித்தால் உலகத்தின் ஃபோன்களெல்லாம் அதில் ஓடும்.

சரி, முதல் கேள்விக்கு வருவோம். படம் சுற்றச் சுற்ற ஏன் கலங்குகிறது? மெசேஜ் ஆப் படத்தை அனுப்பும்போது அளவைச் சின்னதாக்கி, புதிதாக ஜேபெக் எழுதுகிறது. வாங்கியவர் அதைச் சேமித்து இன்னோர் ஆப்பில் போடுகிறார், மறுபடி எழுதப்படுகிறது. இன்னொருவர் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, ஓரத்தை வெட்டி அனுப்புகிறார், அங்கேயும் அதே கதை. கட்டங்களும் அட்டவணையும் மாறாமல் திரும்பத் திரும்ப எழுதினால் இழப்பு பெரிதாக வளராது. எண்கள் ஏற்கெனவே வகுபடும் எண்களாகிவிட்டன அல்லவா! ஆனால் படத்தைச் சின்னதாக்கினாலோ, இடப்பக்கம் மூன்று புள்ளி வெட்டினாலோ, 8க்கு 8 கட்டங்கள் வேறு இடத்தில் விழும். பழைய கட்டங்களின் ஓரங்கள் புதுக் கட்டங்களின் நடுவில் வந்து நிற்கும். பழைய பிழையையும் படத்தின் பகுதியாக எண்ணி, அதன் மேல் புதுப் பிழை ஏறும்.

இந்தக் கலங்கல் முதலில் தெரிவது எழுத்துகளில். வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்தின் ஓரம் சட்டென்று மாறுகிறது, அதை வரைய நெருக்கமான அலைகள் நிறைய வேண்டும். வெட்டுப்படுவதும் அவைதான். எழுத்தைச் சுற்றி மொய்க்கும் அழுக்குப் புள்ளிகளைப் பெரிதாக்கிப் பாருங்கள், 8க்கு 8 கட்டத்தின் எல்லைக்குள்ளேயே அவை நிற்கும். அதனால் ஸ்கிரீன்ஷாட், வரைபடம், அட்டவணை போன்றவற்றை பிஎன்ஜியாகவே வையுங்கள். அது இழப்பில்லாமல் சுருக்கும் முறை. ஏற்கெனவே கெட்டுப்போன ஜேபெக்கை பிஎன்ஜியாக மாற்றினால் மட்டும் பயன் எதுவுமில்லை, கோப்புதான் பெருக்கும்.

எடிட் செய்வதானால் மூலப்படத்தைத் தொடாமல் ஒரு காப்பியில் செய்யுங்கள். வெளிச்சம், நிறம், வெட்டு எல்லாவற்றையும் ஒரே தடவையில் முடித்துவிட்டுச் சேமிப்பது நல்லது. இன்று கொஞ்சம், நாளை கொஞ்சம் என்றால் ஒவ்வொரு முறையும் ஒரு வெட்டு. கணினியில் நாள்கணக்கில் வேலை செய்வதென்றால், ஃபோட்டோஷாப்பில் பிஎஸ்டி, கிம்ப்பில் எக்ஸ்சிஎஃப் என்று அந்தந்த மென்பொருளின் சொந்த வடிவத்தில் வைத்துக்கொண்டு, கடைசியில் ஒரே முறை ஜேபெக் ஆக்குங்கள். மெசேஜில் வந்த படத்தின் இருட்டுப் பகுதியை ரொம்பவும் வெளிச்சமாக்க வேண்டாம், ஒளிந்திருந்த கட்டங்கள் எல்லாம் மேலே வந்துவிடும்.

ஏதாவது படிவத்துக்கு இத்தனை கேபிக்குள் படம் வேண்டும் என்று கேட்டால், குவாலிட்டியை அடிமட்டத்துக்கு இறக்காதீர்கள். முதலில் நீள அகலத்தைக் குறையுங்கள். இரண்டையும் பாதியாக்கினால் புள்ளிகள் கால்வாசி ஆகிவிடும். அதற்குப் பிறகும் தேவையென்றால் மட்டும் குவாலிட்டியில் கை வையுங்கள். டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி) என்ற எண்ணை 72இலிருந்து 300 ஆக்கினால் படம் தெளிவாகும் என்பதும் ஒரு மூடநம்பிக்கைதான். புள்ளிகளின் எண்ணிக்கை மாறாதவரை அது அச்சுக்கான வெறும் குறிப்பு.

மங்கிய முகத்தை ஒரே தட்டில் தெளிவாக்கும் ஆப்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பூஜ்யமான அலையைத் திரும்பக் கொண்டுவர எந்த ஆப்பாலும் முடியாது. அவை செய்வது, லட்சக்கணக்கான வேறு முகங்களைப் பார்த்துப் பழகியதை வைத்து இங்கே இப்படி இருந்திருக்கலாம் என்று ஊகித்து வரைவது. பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அந்தக் கண்ணிமை அவருடையது அல்ல. அடையாளம் காண்பதற்கோ சாட்சியத்துக்கோ அப்படிப்பட்ட படத்தை யாரும் நம்பக்கூடாது என்று உறுதியாக நினைக்கிறேன்.

நல்ல படத்தைக் குறையில்லாமல் அனுப்ப வேண்டுமா? வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் 'டாக்குமென்ட்' என்று தேர்ந்தெடுத்து அனுப்புங்கள், மூலக் கோப்பு ஒரு பைட்கூட மாறாமல் போகும். ஒன்றை மட்டும் மறக்கவேண்டாம். படம் எடுத்த நேரம், கேமரா விவரம், இருப்பிட வசதி திறந்திருந்தால் நீங்கள் நின்ற இடம் எல்லாம் எக்ஸிஃப் குறிப்பாகக் கோப்பிலேயே எழுதப்பட்டிருக்கும். சாதாரணமாகப் படமாக அனுப்பும்போது அந்த இடக்குறிப்பு நீங்கிவிடும். டாக்குமென்டாக அனுப்பினால் அதுவும் கூடவே போகும். அறிமுகமில்லாதவருக்கு அனுப்புவதாக இருந்தால், கேலரியில் படத்தின் விவரப் பக்கத்தைத் திறந்து இருப்பிடத்தை நீக்கிவிட்டு அனுப்புங்கள்.