அந்த மாதம் வீட்டில் என்ன நடந்தது?

மனசுக்கான பேச்சுச் சிகிச்சைக்கு என்னிடம் வருகிறவர்களில் பலர் ஒரு தடித்த ஃபைலோடு வருவார்கள். ரத்தப் பரிசோதனை, தைராய்டு, ஈசிஜி, வயிற்று ஸ்கேன், சிலரிடம் தலைக்கு எடுத்த எம்ஆர்ஐகூட இருக்கும். எல்லாம் நார்மல். "எல்லாம் நார்மல்னா எனக்கு ஏன் மேடம் இப்படி இருக்கு?" என்றுதான் பேச்சே ஆரம்பிக்கும். உடம்பெல்லாம் அசதி, பிடரியில் வலி, நெஞ்சில் பாரம். விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் அப்புறம் தூக்கம் கிடையாது. சோறு இறங்கவில்லை, டிவி போட்டாலும் மனசு ஒட்டவில்லை. "மனசு சரியில்லை" என்ற வார்த்தை கடைசியில்தான் வரும். சில சமயம் வராமலே போகும்.

இரண்டு வாரத்துக்கு மேல், ஏறக்குறைய தினமும், நாளின் பெரும்பகுதி இப்படி இருந்தால் மனச்சோர்வு நோயா என்று பார்த்துவிட வேண்டும். இதைப் பலரும் 'மன அழுத்தம்' என்றே சொல்கிறார்கள். ஆபீசில் வேலை ஏறும்போது வருவது அழுத்தம். நாலு நாள் லீவு போட்டால் இறங்கிவிடும். மனச்சோர்வு லீவிலும் கூடவே வரும்.

இது எப்போது ஆரம்பித்தது என்று கேட்பேன். "ரொம்ப நாளா மேடம்" என்பார்கள். நான் அதோடு விடுவதில்லை. பொங்கலுக்கு நன்றாக இருந்தீர்களா? பிள்ளைக்கு ஸ்கூல் திறந்தபோது? ஆடி மாசம் கோயில் கொடைக்குப் போனீர்களே, அப்போது? இப்படிப் பின்னால் நடந்துகொண்டே போனால் பெரும்பாலும் ஒரு மாதம் கையில் சிக்கும். உடனே அடுத்த கேள்வி: அந்த மாதம் வீட்டில் என்ன நடந்தது?

இந்த இரண்டாவது கேள்வியைச் சுற்றிக் கட்டப்பட்டதுதான் இன்டர்பர்சனல் சைக்கோதெரபி. சுருக்கமாக ஐபிடி, தமிழில் உறவுநிலை உளச்சிகிச்சை என்று சொல்லலாம். அமெரிக்காவில் ஜெரால்ட் க்ளெர்மன் என்ற மனநல மருத்துவரும் மிர்னா வைஸ்மனும் 1969 வாக்கில் மனச்சோர்வு மாத்திரை பற்றிய ஓர் ஆய்வில் ஈடுபட்டிருந்தார்கள். மாத்திரையோடு பேச்சுச் சிகிச்சையும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று அதில் பார்க்க வேண்டியிருந்தது. அந்த ஆய்வுக்காக வகுத்த முறைதான் வளர்ந்து ஐபிடி ஆனது. 1984-இல் கையேடாக வெளிவந்தது. 1989-இல் அமெரிக்க தேசிய மனநல நிறுவனத்தின் பெரிய ஆய்வின் முடிவுகள் வந்தன. 250 பேர், 16 வாரம். அதிகத் தீவிரமான மனச்சோர்வு இருந்தவர்களிடம் மருந்தில்லாத வெற்று மாத்திரையைவிட ஐபிடி நன்றாக வேலை செய்தது. நான் இதை நம்பிக் கையில் எடுத்ததற்கு அந்த முடிவும் ஒரு காரணம்.

உறவுச் சிக்கல்தான் மனச்சோர்வுக்கு ஒரே காரணம் என்று ஐபிடி சொல்வதில்லை. பரம்பரை, மூளையின் வேதியியல், உடல்நோய் எல்லாவற்றுக்கும் பங்கு உண்டு. ஆனால் ஒன்றை நான் தினமும் பார்க்கிறேன். உறவில் அடி விழுந்தால் மனம் சோர்கிறது. மனம் சோர்ந்தவர் பேச்சைக் குறைக்கிறார், சிடுசிடுக்கிறார், போனை எடுப்பதில்லை. அதனால் உறவு இன்னும் கெடுகிறது. செக்குமாடு போலச் சுற்றும் இந்தச் சுற்றை எங்கேயாவது ஓர் இடத்தில் அறுக்க வேண்டும். அறுக்க வசதியான இடம் உறவு என்கிறது ஐபிடி.

வாரம் ஒரு முறை, ஒரு மணி நேரம்போல. மொத்தம் 12 முதல் 16 வாரம். முடியும் தேதி முதலிலேயே தெரியும். முதல் சில சந்திப்புகளில் நான் செய்கிற முக்கியமான வேலை, "உங்களுக்கு வந்திருப்பது ஒரு நோய், இதற்குச் சிகிச்சை உண்டு" என்று வாய்விட்டுச் சொல்வது. கேட்க எளிதாக இருக்கும். ஆனால் எத்தனையோ பேர் அதுவரை கேட்டதெல்லாம் "சும்மா உக்காந்து யோசிச்சா அப்படித்தான் இருக்கும்", "நாங்கல்லாம் படாத கஷ்டமா?", "மனச தைரியமா வச்சுக்க" என்பவைதான். கால் ஒடிந்தவரிடம் தைரியமாக நட என்று யாரும் சொல்வதில்லை. கூட வந்திருக்கும் கணவரையோ அம்மாவையோ உள்ளே கூப்பிட்டு அவர்கள் முன்னாலும் இதைச் சொல்வேன்: இவர் சோம்பேறி இல்லை, நடிக்கவில்லை, கொஞ்ச நாளைக்கு வீட்டு வேலையில் பாதியை வேறு யாராவது எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நிமிடத்தில் அழுதுவிட்டவர்கள் நிறைய.

அப்புறம் ஒரு வெள்ளைத் தாள். நடுவில் ஒரு புள்ளி, அது நீங்கள். சுற்றிலும் ஒன்றுக்கு வெளியே ஒன்றாக மூன்று வட்டம். யார் யாரை எந்த வட்டத்தில் வைப்பீர்கள்?

நாற்பது வயதுப் பெண் ஒருவர் இதைச் செய்தது மறக்கவில்லை. (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியே எழுதுகிறேன்.) மகனை முதல் வட்டத்தில் எழுதினார். பக்கத்து வீட்டு அக்காவையும் முதல் வட்டத்தில் எழுதினார். கணவர் பெயரை எழுத வெகுநேரம் யோசித்து, கடைசி வட்டத்தின் கோட்டின் மேலேயே எழுதினார். உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை. நான் எதுவும் கேட்கவில்லை. அவராகவே, "நாங்க பேசியே எட்டு மாசம் ஆச்சு மேடம். ஏதாவது சொல்லணும்னா பையன்கிட்ட, 'அப்பாவச் சாப்பிடச் சொல்லு'ம்பேன்" என்றார்.

எட்டு மாதத்துக்கு முன்னால் மாமியார் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து இவர்கள் வீட்டுக்கு வந்திருந்தார். அதுவரை இவர் ஒரு சின்ன தையல் கடை நடத்திக்கொண்டிருந்தார். கடையைப் பூட்டியாயிற்று. மாமியாரைக் குளிப்பாட்டுவது, மாத்திரை கொடுப்பது, ராத்திரி இரண்டு தடவை எழுந்து பார்ப்பது எல்லாம் இவர் தலையில். கணவர் மோசமானவர் இல்லை. ஆனால் இதை யார் செய்ய வேண்டும் என்று அந்த வீட்டில் யாரும் யாரிடமும் கேட்கவே இல்லை. ஐபிடி இதை 'பங்குப் பிணக்கு' என்ற வகையில் வைக்கும்: நான் என்ன செய்ய வேண்டும், நீ என்ன செய்ய வேண்டும் என்பதில் இருவர் எதிர்பார்ப்பும் ஒத்துப்போகாத நிலை. அதிலும் இது சண்டைகூட ஓய்ந்து உறைந்துபோன கட்டம். வெளியே அமைதியாகத் தெரிவதால் சொந்தக்காரர்கள் கண்ணில் படாது.

கடைசியாக நடந்த பேச்சை வார்த்தை மாறாமல் சொல்லச் சொன்னேன். ஐபிடியில் இதற்குப் பெரிய இடம் உண்டு. "சண்டை வந்தது" என்றால் போதாது. யார் முதலில் வாய் திறந்தார், எந்த இடத்தில் நின்றுகொண்டு, என்ன குரலில். அவர் சொன்னது இவ்வளவுதான். கணவர் வந்து, "அம்மாவுக்கு மாத்திரை குடுத்தியா?" என்று கேட்டார். இவர், "உங்களுக்கு என்ன தெரியும்?" என்றார். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போய்விட்டார்.

"அந்த இடத்துல உங்களுக்கு நிஜமா என்ன வேணும்?" என்று கேட்டேன். ஒரு நிமிடத்துக்கு மேல் பதிலே இல்லை. பிறகு, "ஞாயித்துக்கிழமை ஒரு நாள் அவர் அம்மாவப் பாத்துக்கிட்டா நான் கடையத் திறப்பேன்" என்றார். எட்டு மாதமாக ஒரு முறைகூட இதை அவர் வாயால் சொன்னதில்லை. "கூடவே இருக்கார், தெரியாதா?" என்றார். நம் வீடுகளில் பாசத்துக்கு இதுதான் இலக்கணம். கேட்டு வாங்கினால் அதற்கு மதிப்பில்லை என்று வளர்ந்திருக்கிறோம்.

சரி, இப்போது நான்தான் உங்கள் கணவர், என்னிடம் கேளுங்கள் என்றேன். முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு, தரையைப் பார்த்தபடி, "முடிஞ்சா ஞாயித்துக்கிழமை கொஞ்சம் பாருங்க" என்றார். நான் "ம்ம், பாக்கலாம்" என்றேன். சிரித்துவிட்டார். பல மாதத்துக்குப் பிறகு வந்த சிரிப்பு. "இதையேதான் மேடம் அவரும் சொல்வார்." மறுபடி செய்தோம். ஐந்தாவது தடவையில், "இந்த ஞாயித்துக்கிழமை காலைல பத்துலேருந்து ரெண்டு வரைக்கும் நீங்க அத்தையப் பாத்துக்கணும். நான் கடையத் திறக்கப் போறேன்" என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

முதல் வாரம் கணவர் ஒத்துக்கொள்ளவில்லை. மூன்றாவது வாரம் ஒத்துக்கொண்டார். அப்புறம் ஒரு நாள் அவரே தன் தம்பிக்கு போன் போட்டு, இரண்டு மாதம் அம்மாவை அங்கே வைத்துக்கொள்ளச் சொன்னார். ஒவ்வொரு வாரமும் நான் கேட்கும் ஒன்பது கேள்வி கொண்ட அளவுகோலில் முதல் நாள் அந்தப் பெண்ணுக்கு 18 மதிப்பெண், அதிகபட்சம் 27; எண் கூடினால் சோர்வும் கூடுதல். பதினான்காவது வாரம் அது 6. நடுவில் ஒரு வாரம் ஏறவும் செய்தது. நேர்கோட்டில் குணமாகிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

பிணக்கைத் தவிர இன்னும் மூன்று வகை உண்டு. ஒன்று துக்கம். நெருங்கியவர் இறந்தால் அழுவதும் சாப்பிடாமல் கிடப்பதும் நோய் இல்லை. அதற்குச் சிகிச்சை தேவையில்லை, கூட உட்கார ஆள் தேவை. ஆனால் துக்கம் ஓரிடத்தில் நின்றுபோய் மனச்சோர்வாக மாறுவது உண்டு. 2021-இல் கொரோனாவில் மனைவியை இழந்த ஒருவர் வந்தார். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டதுதான், அப்புறம் முகம் பார்க்கவில்லை. உடலை மூட்டை கட்டிக் கொடுத்தார்கள், வாய்க்கரிசி போடவில்லை, பதினாறாம் நாளுக்கு ஆள் வரவில்லை. பிள்ளைகள் முன்னால் அழக்கூடாது என்று அழவும் இல்லை. மனைவியின் செல்போனுக்கு மாதா மாதம் ரீசார்ஜ் மட்டும் செய்துகொண்டிருந்தார். நாங்கள் அந்தக் கடைசி நாளை மணிக்கணக்காகப் பேசினோம். ஆம்புலன்சில் என்ன பேசினார், என்ன நிறச் சேலை, இறங்கும்போது திரும்பிப் பார்த்தாரா. பிறகு அவர் மனைவியைப் பற்றியே பேசினோம்; நல்லதோடு, மனைவிமேல் இருந்த கோபத்தையும். போன பிறகு எல்லாரையும் தெய்வமாக்கிவிடுவதால் அந்தக் கோபத்துக்குப் போக இடமில்லாமல் போகிறது. ஏழாவது வாரம் அவர் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ராமேசுவரம் போய் வந்தார். ரீசார்ஜ் செய்கிறாரா என்று நான் கேட்கவில்லை. அது அவர் விருப்பம்.

அடுத்தது வாழ்க்கை மாற்றம்: கல்யாணம், பிரசவம், ஓய்வு, வேலை போவது, ஊர் மாறுவது. மாற்றம் நல்லதாக இருந்தாலும் பழைய இடத்தில் விட்டுவந்ததற்கு ஒரு வலி உண்டு, அதை முதலில் பேச வேண்டும். முதல் பிரசவத்துக்குப் பிறகு "எல்லாம் இருந்தும் எனக்கு ஏன் அழுகை வருது" என்று கேட்கும் இளம் தாய்மார்களை இங்கேதான் சந்திக்கிறேன். அவர்களுக்கு ஐபிடி நன்றாகவே உதவுகிறது. நான்காவது வகை, எந்த உறவும் நிலைக்காமல் தனித்தே இருந்து வந்தவர்கள். அங்கே வேலை மெதுவாகத்தான் நகரும்.

இது மேல்நாட்டுச் சரக்கு, நம் கூட்டுக் குடும்பத்துக்கு ஒத்துவருமா என்று சக மருத்துவர்களே கேட்டிருக்கிறார்கள். நான் உகாண்டாவைச் சொல்வேன். அந்நாட்டின் தெற்கே மசாகா, ரகாய் மாவட்டங்களில் எச்ஐவியால் வீட்டுக்கு வீடு சாவு விழுந்திருந்தது. அங்கே 30 கிராமங்களில் குழுவாக ஐபிடி ஆய்வு நடத்தி 2003-இல் முடிவை வெளியிட்டார்கள். குழுவை நடத்தியவர்கள் மருத்துவர்கள் இல்லை. இரண்டு வாரம் பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்கள். 16 வாரம் முடிந்தபோது, குழுவில் இருந்தவர்களில் 6.5 சதவீதம் பேருக்கு மட்டுமே மனச்சோர்வு மீதமிருந்தது. இந்தக் குழுச் சிகிச்சை நடக்காத கிராமங்களில் 54.7 சதவீதம். அங்கே ஒரு பெண் கணவனிடம் நேருக்கு நேர் கேட்பது வழக்கமில்லை என்பதால் சுற்றுவழிகளைத் தேடினார்கள். நானும் அப்படித்தான். நேரே கேட்க முடியாத வீடுகளில் தாய்மாமனோ பெரியம்மாவோ வழியாகக் கேட்கலாமா என்று பார்ப்போம். உலக சுகாதார நிறுவனம் 2016-இல் இந்தக் குழு முறைக்கே எட்டுச் சந்திப்புகள் கொண்ட கையேடு வெளியிட்டது. நம் கிராமங்களில் சுய உதவிக் குழுப் பெண்கள் வாரா வாரம் கூடுகிறார்கள். அங்கே இதைச் செய்ய முடியும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

எல்லாருக்கும் இது மட்டும் போதாது. சாப்பாடே இறங்காத, படுக்கையை விட்டு எழ முடியாத அளவுக்குப் போனவர்களை மனநல மருத்துவரிடம் அனுப்பி மாத்திரையோடு சேர்த்தே செய்கிறேன். மாத்திரை முழுதாக வேலை செய்யச் சில வாரம் ஆகும். பத்து நாளில் நிறுத்திவிடாதீர்கள். இருதுருவ மனநோய் (மிதமிஞ்சிய உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வருவது) இருந்தால் சிகிச்சையே வேறு. வீட்டில் அடி உதை இருந்தால், பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று எந்த நிலையிலும் சொல்ல மாட்டேன். முதலில் பாதுகாப்பு, பெண்கள் உதவி எண் 181. சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்று நேராகவே கேட்பேன். கேட்டால் அந்த எண்ணத்தைத் தூண்டிவிடுவோம் என்ற பயம் வேண்டாம். கேட்டதும் பலருக்கு மூச்சு விட முடிகிறது. நீங்களும் உங்கள் வீட்டில் கேட்கலாம். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணிலும், தமிழ்நாட்டில் 104 என்ற மருத்துவ உதவி எண்ணிலும் எந்த நேரமும் தமிழில் பேசலாம். அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, செலவில்லை.

கடைசிச் சந்திப்பில் எல்லாரிடமும் ஒரு கேள்வி கேட்பேன். மனச்சோர்வு திரும்ப வரக்கூடிய நோய். வந்தால் உங்களுக்கு எதை வைத்து முதலில் தெரியும்? தூக்கம் கெடும் என்பார்கள், பசிக்காது என்பார்கள். தையல் கடைக்காரர் சிறிது நேரம் யோசித்தார். பிறகு என் பேனாவை வாங்கி, தன் கடை பில்லின் பின்பக்கத்தில் ஒரே ஒரு வரி எழுதி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்: 'பையன்கிட்ட "அப்பாவச் சாப்பிடச் சொல்லு"ன்னு சொன்னா, உடனே மேடத்துக்கு போன் பண்ணணும்.'