கேமராவை எடுப்பதற்கு முன் யாரையெல்லாம் கேட்க வேண்டும்?

வேலூர், காட்பாடி வட்டாரத்தில் கல்லூரிப் பிள்ளைகள் சொந்தமாகப் பாட்டெழுதி, மெட்டுப் போட்டு, வீடியோ எடுத்து, அதற்கு ஒரு கவர் ஆர்ட்டும் (பாட்டின் முகப்புப் படம்) செய்து வெளியிடுவது இப்போது சாதாரணமாகிவிட்டது. பார்க்கவே சந்தோஷமாக இருக்கிறது. கல்யாண வீடியோவும் கடை விளம்பரமும் எடிட் செய்கிற என்னிடம் இவர்கள் கடைசிக் கட்டத்தில் வருவார்கள். கலர் பண்ண வேண்டும், டைட்டில் போட வேண்டும், "நாளைக்கே ரிலீஸ் அண்ணா" என்பார்கள். ஷாட்டுகள் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். ஆனால் அதை அப்படியே வெளியிட முடியாத ஏதோ ஒன்று உள்ளே இருக்கும். கேமரா தெரியாததால் வந்த சிக்கல் அதில் குறைவு. கேட்க வேண்டிய ஒருவரைக் கேட்காமல் விட்டதால் வந்த சிக்கலே அதிகம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் பாட்டு. ஒரு பாட்டுக்குள் வரிகள், மெட்டு, ஒலிப்பதிவு என்று மூன்று தனித்தனி உரிமைகள் இருக்கின்றன. மூன்றும் ஒரே ஆளிடம் இருக்க வேண்டியதில்லை. சினிமாப் பாட்டைக் கல்லூரி விழாவில் மாணவர்களும் ஆசிரியர்களும் பெற்றோரும் மட்டும் இருக்கிற கூட்டத்தில் பாடினால், 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் அதற்கு விலக்குத் தருகிறது. அதே பாட்டுக்கு வீடியோ எடுத்து யூடியூபில் ஏற்றினால் அந்த விலக்கு பொருந்தாது. "காலேஜ்ல பாடினப்ப யாரும் ஒண்ணும் சொல்லலையே" என்று கேட்கிற பிள்ளைகளுக்கு இதுதான் பதில்.

பாரதியார் பாடல்களை எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றின் உரிமையை 1949-இல் அன்றைய சென்னை மாகாண அரசு வாங்கி, பிறகு மக்களுக்கே பொதுவாக்கிவிட்டது. அந்த வரிகளை யார் வேண்டுமானாலும் பாடலாம். ஆனால் பிற்காலத்தில் ஓர் இசையமைப்பாளர் அதற்குப் போட்ட மெட்டு அவருடையது, அந்த ஒலிப்பதிவு அதைத் தயாரித்த நிறுவனத்துடையது. வரியை எடுத்துக்கொண்டு நீங்களே மெட்டுப் போடுங்கள், ஒரு தொல்லையும் இல்லை. என்னைக் கேட்டால், முதல் முயற்சிக்கு அதைவிட நல்ல வழியும் இல்லை.

இப்போது அதிகம் மாட்டிக்கொள்வது டைப் பீட், அதாவது பிரபலப் பாடகர்களின் பாணியில் யாரோ செய்து இணையத்தில் போட்ட பின்னணி இசை, எடுக்கிறவர்கள்தான். யூடியூபில் "ஃப்ரீ" என்று போட்டிருக்கும் பீட்டை இறக்கி அதன்மேல் ராப் பண்ணுகிறார்கள். கீழே விளக்கத்தில் "வருமானம் இல்லாத பயன்பாட்டுக்கு மட்டும்" என்று எழுதியிருப்பதை யாரும் படிப்பதில்லை. சேனலில் விளம்பரம் ஓடத் தொடங்கியதும் அந்த பீட்டுக்காரரிடமிருந்து க்ளெய்ம், அதாவது "இது என் இசை" என்ற உரிமைக் கோரிக்கை, வருகிறது. க்ளெய்ம் வந்தால் வருமானம் அவருக்குப் போகலாம், வீடியோ முடங்கவும் செய்யலாம். ஸ்ட்ரைக் என்பது வேறு, பதிப்புரிமை மீறலுக்காக யூடியூப் சேனல்மீது போடும் எச்சரிக்கை, இன்னும் கடுமையானது. 90 நாளுக்குள் மூன்று ஸ்ட்ரைக் விழுந்தால் சேனலே போய்விடும். அதில் இருந்த மற்ற நண்பர்களின் பாட்டும் சேர்ந்து போகும்.

அடுத்தது, எல்லோரும் பேசக் கூச்சப்படுகிற விஷயம். வெளியாட்களை விட முதலில் கேட்க வேண்டியது உங்கள் குழுவில் இருப்பவர்களைத்தான்.

ஒரு குழுவின் கதை நினைவில் நிற்கிறது. ஒருவன் எழுதினான், ஒருத்தி பாடினாள், ஒருவன் பீட் செய்தான், இன்னொருவன் கேமரா, வகுப்புத் தோழி ஒருத்தி கவர் வரைந்தாள். பாட்டு ஒருவனுடைய சேனலில் வெளியானது. பார்வைகள் ஏறின, இன்ஸ்டாவில் பரவியது, ஒரு துணிக்கடை விளம்பரத்துக்குக் கேட்டது. அங்கேதான் பிரச்சினை ஆரம்பித்தது. விளம்பரத்துக்குச் சரி என்று சொல்கிற உரிமை யாருக்கு? சேனல் வைத்திருப்பவன் தனக்கு என்றான். எழுதினவன் தன் வரி என்றான். கவர் வரைந்த பெண்ணின் பெயரே எங்கேயும் போடப்படவில்லை. கடைக்காரர் பொறுத்துப் பார்த்துவிட்டு வேறு பாட்டுக்குப் போய்விட்டார். அந்த ஐந்து பேரும் இன்று பேசிக்கொள்வதில்லை. பணம் போனதைவிட எனக்கு வருத்தமாக இருப்பது அதுதான்.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. வரிக்கு எழுதியவர் உரிமையாளர், மெட்டுக்கு இசையமைத்தவர். ஒலிப்பதிவுக்கும் வீடியோவுக்கும் அதைத் தயாரித்தவர், அதாவது முன்முயற்சியும் பொறுப்பும் எடுத்துக்கொண்டவர். ஐந்து பேர் சேர்ந்து செலவு போட்டால் தயாரிப்பாளர் யார்? அதைப் பேசி முடிவு செய்து எழுதி வைக்க வேண்டும், தானாகத் தெரிந்துவிடாது. கவரில் வருகிற போட்டோவோ ஓவியமோ இலவசமாகச் செய்து கொடுக்கப்பட்டதென்றால் உரிமை செய்தவரிடமே நிற்கும். பணம் கொடுத்துச் செய்யச் சொல்லியிருந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, கொடுத்தவருக்குப் போகும். "நம்ம ஃப்ரெண்டு தானே வரைஞ்சா" என்பதால் அது உங்களுடையது ஆகிவிடாது.

உரிமையை எழுதிக் கொடுக்காமல் வாய்ச்சொல்லால் மாற்ற முடியாது. எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். எத்தனை வருடத்துக்கு என்று குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம் என்றும், எந்த நாட்டுக்கு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் என்றும்தான் சட்டம் எடுத்துக்கொள்ளும். யூடியூப் உலகம் முழுக்க ஓடுகிறது, ஆகவே அந்த இரண்டு வரியும் கட்டாயம். ஒரு ஏ4 தாள் போதும். யார் என்ன செய்தார்கள், பெயர் எப்படிப் போடுவது, வருமானம் வந்தால் எப்படிப் பிரிப்பது, விளம்பரத்துக்கு யார் கேட்டாலும் எத்தனை பேர் சம்மதிக்க வேண்டும், யாராவது விலகினால் வீடியோ என்னவாகும். டீக்கடையில் உட்கார்ந்து ஒரு மணி நேரத்தில் எழுதிவிடலாம். இதைக் கேட்டால் நட்பில் விரிசல் விழும் என்று பயப்படாதீர்கள். எழுதாமல் விட்டவர்கள் பிரிந்ததைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

கவர் ஆர்ட் என்று வந்தபின் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கூகுளிலும் பின்டரஸ்டிலும் கிடைக்கிற படம் யாரோ ஒருவர் வரைந்தது. அதைக் கொஞ்சம் கலர் மாற்றிப் போட்டால் உங்களுடையதாகாது. பாட்டை ஸ்பாட்டிஃபை போன்ற தளங்களுக்கு அனுப்பும் விநியோக நிறுவனங்கள் பொதுவாக 3000-க்கு 3000 பிக்சல் சதுரப் படம் கேட்கின்றன. அதில் போன் நம்பர், இன்ஸ்டா ஐடி, இணைய முகவரி இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கவரில் இருக்கும் பாட்டுப் பெயரும் நீங்கள் பதிவில் கொடுக்கும் பெயரும் ஒத்துப்போக வேண்டும். வீடியோவின் தம்ப்நெயில் 16:9 அளவு, அதையே வெட்டிச் சதுரமாக்கினால் முகம் பாதியில் நிற்கும். ஆகவே ஷூட்டிங் நாளிலேயே கவருக்கென்று தனியாக ஸ்டில் எடுத்துக்கொள்ளுங்கள்.

தமிழ் எழுத்தில் தலைப்பு வைக்கிறவர்கள் ஒரு முறை கண்ணை ஊன்றிப் பாருங்கள். சில மென்பொருள்களில் 'கொ', 'போ' போன்ற எழுத்துகளில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று பிரிந்து நிற்கும். எழுத்து அமைப்பில் தெற்காசிய மொழிகளுக்கான விருப்பத்தைத் தேர்ந்தெடுத்து, யூனிகோட் ஃபான்ட் போட்டால் சரியாகிவிடும். ஃபான்ட்டுக்கும் உரிமம் உண்டு, வணிகத்துக்குப் பயன்படுத்தலாமா என்று பாருங்கள். தன் மொழியின் எழுத்து உடைந்து கிடக்கும் கவரை உலகத்துக்கு அனுப்புவதை என்னால் ஏற்க முடியவில்லை.

இனி இடம். எல்லோருக்கும் முதலில் தோன்றுவது கோட்டைதான். 1806 சிப்பாய்ப் புரட்சி நடந்த இடம், அகழி, ஜலகண்டேஸ்வரர் கோயில், எந்தப் பக்கம் திருப்பினாலும் ஃபிரேம். ஆனால் அது மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. போனில் ஞாபகத்துக்கு எடுப்பதும், ஸ்டாண்டும் லைட்டும் வைத்துப் படப்பிடிப்பு நடத்துவதும் ஒன்றல்ல. இரண்டாவதற்கு முன்கூட்டியே விண்ணப்பித்துக் கட்டணம் கட்டி உரிமம் வாங்க வேண்டும். ஸ்ரீபுரம் பொற்கோயிலுக்குள் போனும் கேமராவுமே கொண்டுபோக முடியாது. அமிர்தி, ஜவ்வாது மலைப் பக்கம் என்றால் வனத்துறையைக் கேளுங்கள். ட்ரோன் ஏற்றுவதென்றால் அரசின் ட்ரோன் இணையதளமான டிஜிட்டல் ஸ்கையின் வரைபடத்தில் அந்த இடம் பச்சையா, மஞ்சளா, சிவப்பா என்று முதலில் பாருங்கள். அப்துல்லாபுரத்தில் விமான நிலையம் இருப்பதை மறக்க வேண்டாம்.

ரயில் தண்டவாளம் வேண்டவே வேண்டாம். காட்பாடி வழியாக ரயில் எந்த நேரமும் ஓடுகிறது, மேலே போகிற கம்பியில் 25,000 வோல்ட். நீளமான செல்ஃபி குச்சி அதன் பக்கத்தில் போனாலே உயிருக்கு ஆபத்து. அத்துமீறி நுழைந்தால் 1989 ரயில்வே சட்டத்தின் 147-ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறையோ, 1,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். தண்டனையைச் சொல்லிப் பயமுறுத்த நான் விரும்பவில்லை. ஹெட்போனில் பாட்டு ஓடும்போது பின்னால் வருகிற வண்டியின் சத்தம் கேட்காது, என் பயம் அதுதான்.

பாலாறும் அப்படித்தான். வருடத்தில் பெரும்பாலான நாள் வெறும் மணல், அழகான வெட்டவெளி. 2021 நவம்பரில் அதே ஆறு கரைபுரண்டு ஓடியதை நாம் எல்லோரும் பார்த்தோம். மணல் அள்ளிய பள்ளங்களில் தண்ணீர் தேங்கி நிற்கும்போது ஆழம் மேலிருந்து தெரியாது. தண்ணீர் நிற்கிற மாதங்களில் ஆற்றுக்குள் இறங்கி ஷாட் எடுக்காதீர்கள், நீச்சல் தெரிந்தவன் கூட இருக்கிறான் என்றாலும்.

அனுமதி கிடைத்த இடத்தில் நேரம் குறைவாகவே கிடைக்கும், அதை வீணாக்காமல் இருக்கச் சில வழிகள் இருக்கின்றன. ஏப்ரல், மே மாதங்களில் இங்கே 40 டிகிரி தாண்டும், போன் சூடாகி நின்றுவிடும். காலை ஒன்பதுக்குள் வெளிப்புற ஷாட்டுகளை முடித்துவிடுங்கள். நடிப்பவர் வாயசைப்பதற்கான பாட்டை ப்ளூடூத் ஸ்பீக்கரில் போடாமல் வயர் ஸ்பீக்கரில் போடுங்கள், தாமதம் இருக்காது. ஆரம்பத்தில் நான்கு பீப் சேர்த்துக்கொண்டால் எடிட்டில் உதட்டசைவைச் சேர்ப்பது சுலபம். ஃபிரேம் ரேட் (நொடிக்கு எத்தனை ஃபிரேம் என்பது) மாறிக்கொண்டே இருக்கிற சாதாரண போன் கேமராவை விட, அதை 25-இல் நிறுத்தி வைக்கும் ஆப் நல்லது. டியூப்லைட் வெளிச்சத்தில் ஷட்டரை 1/50 அல்லது 1/100-இல் வையுங்கள், நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் படம் துடிக்காது. ஸ்லோ மோஷனில் வாய் அசைய வேண்டுமா? பாட்டை இரட்டை வேகத்தில் ஓட விட்டு 50 ஃபிரேமில் எடுத்து, பிறகு பாதி வேகத்துக்கு இறக்குங்கள்.

அருவாள், பட்டாக்கத்தி, பொம்மைத் துப்பாக்கி. கானாவும் ராப்பும் எனக்கும் பிடிக்கும். ஆனால் பொது இடத்தில் அதைச் சுழற்றி எடுத்த வீடியோவைப் பார்க்கிற காவல்துறைக்கு அது அட்டையா இரும்பா என்று தெரியாது. ஆயுதத்தோடு ரீல்ஸ் போட்டதற்காகத் தமிழ்நாட்டில் இளைஞர்கள் கைதாவது அடிக்கடி செய்தியில் வருகிறது. சாதியை உசுப்பும் வரி இன்னும் மோசம். 2024 ஜூலை முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 196-ஆம் பிரிவு பகையைத் தூண்டுவதைக் குற்றமாக்குகிறது. வழக்கு ஒன்று விழுந்தால் பாஸ்போர்ட்டுக்கும் வேலைக்கும் அதை இழுத்துக்கொண்டு அலைய வேண்டும். வழக்கே வராவிட்டாலும் அந்த வரியைக் கேட்டு உங்கள் வகுப்பிலேயே ஒருவர் தலைகுனிவார். அதற்காகவே வேண்டாம்.

கடைசியாக, என் மனதை மிகவும் உறுத்துவது. சோகப் பாட்டு என்றால் சி.எம்.சி. மருத்துவமனை வாசலிலும் காந்தி ரோட்டிலும் போய் 'மூட் ஷாட்' எடுக்கிறார்கள். ஸ்ட்ரெச்சர், தலைமுடி உதிர்ந்த குழந்தை, மருந்துப் பையோடு நடைபாதையில் உட்கார்ந்திருக்கும் வயதான தம்பதி. வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும், நாட்டுக்கு வெளியிலிருந்தும் வருகிற ஜனங்கள் அவர்கள். என்ன நோய் என்பதை ஊரில் சொந்தக்காரர்களிடம்கூடச் சொல்லாமல் வந்திருப்பார்கள். அவர்கள் முகத்தைக் கேட்காமல் எடுத்து உங்கள் பாட்டுக்குப் பின்னணி ஆக்குவது தவறு. எடிட்டில் அப்படி ஷாட் வந்தால் நான் நீக்கிவிடச் சொல்கிறேன், மறுத்தால் வேலையைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்.

சோகம் வேண்டுமென்றால் உங்கள் நண்பனையே நடிக்க வையுங்கள். வேறு யாரையாவது முகம் தெரிய எடுத்தால், அவருக்குப் புரிகிற மொழியில் பாட்டு என்ன, எங்கே வரும் என்று சொல்லி, ஒரு தாளில் பெயர், தேதி, கையெழுத்து வாங்குங்கள். 18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோரின் கையெழுத்து. எடுத்த ஷாட்டை அங்கேயே போனில் அவருக்குக் காட்டுங்கள். வேண்டாம் என்றால் அவர் எதிரிலேயே அழித்துவிடுங்கள். வெளியான பிறகு மனசு மாறி அழைத்தால் பேச ஒரு நம்பரும் கொடுத்துவிட்டு வாருங்கள்.