செக்ரிகேஷன்: பிரிவினையா, ஒதுக்கலா?

அமெரிக்கப் பள்ளிகளைப் பற்றித் தமிழில் எழுதும்போது, கறுப்பினப் பிள்ளைகளை வெள்ளையர் பள்ளிகளில் சேர்க்காமல் தனியே வைத்ததைக் குறிக்கும் செக்ரிகேஷன் என்ற சொல்லுக்குப் பெரும்பாலும் 'இனப் பிரிவினை' என்றுதான் போடுகிறோம். நானும் அப்படித்தான் எழுதிவந்தேன். இப்போது அது பொருந்தாது என்று உறுதியாக நினைக்கிறேன்.

சொல்லின் மூலம் லத்தீன். 'செ' என்றால் தனியே, 'கிரெக்ஸ்' என்றால் மந்தை. மந்தையிலிருந்து தனியே விலக்குவதுதான் முதற்பொருள். ஆடு தானாக விலகிப் போகவில்லை, விலக்குகிற கை ஒன்று இருக்கிறது. பிரிவினை என்றதும் அந்தக் கை மறைந்துபோகிறது. பாகப்பிரிவினை, நாட்டுப் பிரிவினை என்று கேட்டுப் பழகிய நமக்கு, இரண்டு தரப்பும் ஆளுக்கொரு பங்கை எடுத்துக்கொண்டு போனதாகவே படும்.

அமெரிக்காவில் நடந்தது அப்படியா? 1896இல் பிளெஸ்ஸி வழக்கில், கறுப்பினத்தவருக்கும் வெள்ளையருக்கும் தனித்தனி ரயில் பெட்டி என்ற விஷயத்தில், 'தனித்தனி, ஆனால் சமம்' என்பதை உச்ச நீதிமன்றம் ஏற்றது. அதே சாக்குப் பள்ளிகளுக்கும் வந்தது. தெற்கு மாநிலங்களில் கறுப்பினப் பிள்ளைகளுக்கு வெள்ளையர் பள்ளி படித்துக் கழித்த புத்தகங்கள்தான் கிடைத்தன, பணத்தைப் பங்கிட்டதோ வெள்ளையர் நிர்வாகம். 1927இல் மிசிசிப்பியில் ஒரு சீனக் குடும்பத்துச் சிறுமியையும் வெள்ளையர் பள்ளியில் சேர்க்க வேண்டியதில்லை என்று அதே நீதிமன்றம் சொன்னது. கோட்டின் எந்தப் பக்கம் யார் நிற்பது என்பதைக்கூட ஒரு தரப்புதான் முடிவு செய்தது.

1954 மே 17இல் பிரவுன் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும், பொதுப்பள்ளிகளில் இந்தத் 'தனித்தனி' ஏற்பாடு செல்லாது என்று ஒருமனதாகச் சொன்னார்கள். சரி, அதோடு முடிந்ததா? வர்ஜீனியாவின் பிரின்ஸ் எட்வர்ட் மாவட்டம், சேர்த்துப் படிக்கவைப்பதற்குப் பதிலாக 1959இல் தன் பொதுப்பள்ளிகளையே இழுத்து மூடிவிட்டது. வெள்ளைப் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி திறந்தது. கறுப்பினப் பிள்ளைகளில் பலருக்கு 1963 வரை பள்ளிக்கூடமே இல்லை. இதைப் போய்ப் பிரிவினை என்று எப்படிச் சொல்வது?

அதனால் 'இன ஒதுக்கல்' என்பேன். 'ஊரைவிட்டு ஒதுக்கி வைத்தார்கள்' என்று நம் ஊரில் சொல்லும்போதே ஒதுக்கியவர் யார் என்ற கேள்வி கூடவே வந்துவிடுகிறது. ஒதுக்கீடும் இதே வேரில் பிறந்ததாயிற்றே, குழப்பம் வராதா என்று கேட்கலாம். வராது, ஒதுக்கித் தள்ளுவது வேறு, ஒதுக்கிக் கொடுப்பது வேறு. குப்பையைப் பிரிப்பதையும் செக்ரிகேஷன் என்கிறார்கள், அங்கே மட்டும் 'தரம் பிரித்தல்' சரியாகவே இருக்கிறது, அதை மனிதர்கள் பக்கம் கொண்டுவர வேண்டாம்.

சட்டம் போட்டுச் செய்வதைச் 'சட்டவழி ஒதுக்கல்' எனலாம். சட்டம் போன பிறகும் குடியிருப்பும் பள்ளி மாவட்ட எல்லையும் செய்வது 'நடைமுறை ஒதுக்கல்'. டெட்ராய்ட் நகரப் பள்ளிகளின் ஒதுக்கலைப் பற்றிய வழக்கில் 1974இல், புறநகர்ப் பள்ளி மாவட்டங்களின் தவறு நிரூபிக்கப்படாமல் அதைச் சரிசெய்யும் திட்டத்துக்குள் அவற்றை இழுக்க முடியாது என்று தீர்ப்பானபோது அந்த எல்லைகள் இன்னும் இறுகின.

அப்புறம், டீசெக்ரிகேஷனையும் இன்டெக்ரேஷனையும் ஒன்றாக்கிவிடக் கூடாது. முன்னது 'ஒதுக்கல் நீக்கம்', தடையை எடுப்பதோடு சரி. பின்னது 'ஒருங்கிணைப்பு', எல்லோரும் சமமாகச் சேர்ந்து படிப்பது. 1957இல் லிட்டில் ராக் நகரில் ஒன்பது கறுப்பின மாணவர்கள் ராணுவக் காவலோடு உயர்நிலைப் பள்ளிக்குள் போனார்கள். அது ஒதுக்கல் நீக்கம் மட்டுமே. அடுத்த கல்வியாண்டு முழுக்க அந்நகரின் பொது உயர்நிலைப் பள்ளிகள் பூட்டிக் கிடந்தன.