டிக்கெட்டில் 12-ஆம் தேதி, வீட்டைவிட்டுக் கிளம்புவது 11-ஆம் தேதி

கும்பகோணத்தில் டிராவல்ஸ் வைத்திருக்கிறேன். "துபாய் பக்கம்தானே, சிங்கப்பூர்தானே ரொம்ப தூரம்?" என்று அடிக்கடி கேட்பார்கள். சென்னையிலிருந்து இரண்டும் ஏறக்குறைய ஒரே தூரம்தான். நேர்கோட்டில் அளந்தால் மேற்கே துபாய் சுமார் 2,930 கிலோமீட்டர், கிழக்கே சிங்கப்பூரும் கிட்டத்தட்ட அவ்வளவே. இரண்டுக்கும் நாலேகால் மணி நேரம் வைத்துக்கொள்ளலாம். குளிர்காலத்தில் விமானம் பறக்கும் உயரத்தில் காற்று மேற்கிலிருந்து பலமாக வீசும்போது துபாயிலிருந்து திரும்புவது சற்றுச் சீக்கிரமாகும்.

டிக்கெட்டைப் பார்த்தால் கணக்கு வேறு மாதிரி தெரியும். அதிகாலை 4 மணிக்குச் சென்னையில் ஏறினால் 6:45-க்குத் துபாய் என்று இருக்கும். இரவு 11:30-க்கு ஏறினால் காலை 6:15-க்குச் சிங்கப்பூர். இரண்டுமே நாலேகால் மணி நேரப் பயணம். டிக்கெட்டில் அந்தந்த ஊர்க் கடிகாரத்தைத்தான் போடுவார்கள். துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால், சிங்கப்பூர் இரண்டரை மணி நேரம் முன்னால். அழைத்துப்போக வருகிறவரிடம் அந்த ஊர் நேரத்தையே சொல்லுங்கள், நீங்கள் கூட்டிக் கழிக்க வேண்டாம். வேளை தப்பாமல் இன்சுலின் போடுகிறவர்கள் மட்டும் மொத்தம் எத்தனை மணி நேரம் என்று என்னைப் போன்றவரிடம் எழுதி வாங்கி, டாக்டரிடம் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இதைவிடப் பெரிய ஆபத்து நள்ளிரவு விமானம். நம் வீடுகளில் பொழுது விடிந்தால்தான் மறுநாள். செவ்வாய் ராத்திரி ஒரு மணி என்றால் நமக்கு அது செவ்வாய்தான், விமானக் கணக்கில் புதன்.

மகள் பிரசவத்துக்காகத் துபாய் புறப்பட்ட ஒரு அம்மாவுக்கு நான்தான் டிக்கெட் போட்டேன். 12-ஆம் தேதி, 00:40, அதாவது 11-ஆம் தேதி நள்ளிரவு தாண்டி நாற்பது நிமிடம். "பன்னிரண்டாம் தேதி ராத்திரி பன்னிரண்டு நாற்பதுக்கு ஃபிளைட்மா" என்று சொல்லி அனுப்பினேன். 12-ஆம் தேதி சாயங்காலம் பிரசவ லேகியமும் முறுக்கு டின்னுமாகச் சென்னை போய் இறங்கினார். விமான நிலைய வாசலில் டிக்கெட்டை வாங்கிப் பார்த்த காவலர், "இது நேத்து ராத்திரியே போயிடுச்சேம்மா" என்றாராம். போனில் அந்த அம்மா அழுததை இன்னும் மறக்க முடியவில்லை. "ராத்திரி" என்று நான் சொன்ன ஒரு சொல்தான் அவரைத் தடுத்து நிறுத்தியது.

அதோடு போகவில்லை. போகும் விமானத்தில் ஏறாவிட்டால் 'நோ-ஷோ', அதாவது பயணி வரவில்லை என்று கணக்கு. ஒரே புக்கிங்கில் போட்ட ரிட்டர்ன் டிக்கெட்டும் பெரும்பாலும் சேர்ந்தே ரத்தாகிவிடும். புது டிக்கெட் போட்டு இரண்டு நாள் கழித்து அனுப்பினேன். அதற்குள் குழந்தை பிறந்துவிட்டது.

அன்றிலிருந்து டிக்கெட்டை வெறுமனே கொடுப்பதில்லை. மேலே சிவப்பு மையில் நானே எழுதுகிறேன்: "11-ஆம் தேதி, செவ்வாய், மதியம் 1 மணிக்கு வீட்டிலிருந்து கார்." இங்கிருந்து சென்னைக்கு ஆறேழு மணி நேரம் ஆகிவிடும். மூன்று மணி நேரம் முன்னதாக விமான நிலையத்தில் நிற்க வேண்டும், ஒரு மணி நேரத்துக்கு முன்பே கவுன்ட்டரை மூடிவிடுவார்கள். எழுதியதை அவர்களையே ஒரு தடவை வாய்விட்டுப் படிக்கச் சொல்கிறேன். கிழமையைத் தப்பாகச் சொன்னால் மறுபடி உட்காரவைத்துச் சொல்வேன். உங்கள் டிக்கெட்டில் 00 என்றோ 01 என்றோ நேரம் தொடங்கினால், இப்போதே எடுத்து, முந்தைய நாளின் கிழமையை அதன்மேல் எழுதிவையுங்கள்.